சீமோன் எழுதிய சாவு

கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் லோறன்ஸ் தெருவைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய அடுக்குமாடியில், சீமோன் ஒரு நாடக ஆசிரியர் என்று அறிந்தவர்கள் ஒருவரும் இல்லை. லிஃப்ட்டில் ஏறுகிறவர்களுக்கு அவர் ஏழாம் மாடிக் கிழவர், அவ்வளவுதான். குளிரோ வெயிலோ ஒரே சாம்பல் நிறக் கோட்டு. வணக்கம் சொன்னால் பதில் சொல்லமாட்டார், சொல்லாவிட்டால் முறைப்பார். பாரிசில் ஒரு காலத்தில் இவருடைய பெயரைச் சுவரொட்டியில் போட்டு ஒட்டினார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தக் கட்டடத்துச் சனம் சிரித்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போயிருக்கும்.

புனிதவதிக்கும் முதலில் தெரியாது. வயதானவர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது அவளுடைய வேலை. குளிக்க வார்ப்பாள், மருந்து கொடுப்பாள், சாப்பாடு கொடுப்பாள். 2008 முடியும் நேரத்தில் அவளைச் சீமோனிடம் அனுப்பியதற்கு ஒரே காரணம், அவளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பது. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே கனடாவுக்கு வந்தவளில்லை அவள். இடையில் பாரிசில் இருந்தாள். ஓர் உணவகத்தின் நிலக்கீழ்க் குசினியில் கோப்பை கழுவினாள். அவளுடைய பிரெஞ்சு அந்தக் குசினியில் பிறந்தது. அதில் அவசரமும் வசவும் தாராளம், மரியாதைக்குத்தான் தட்டுப்பாடு.

முதல் நாள் மருந்தை நீட்டி, "வாயைத் திற, விழுங்கு" என்றாள். சீமோன் கோபிப்பார் என்று பார்த்தால், சிரித்தார். தானும் பாரிசுக்கு வந்த புதிதில் கோப்பை கழுவியவன்தான் என்றார்.

"அந்தப் பிரெஞ்சை எனக்கு நன்றாகத் தெரியும். என் முதல் பிரெஞ்சு நாடகத்தை அதில்தான் எழுதினேன்."

இப்படித்தான் அவர் நாடகக்காரர் என்பது அவளுக்குத் தெரியவந்தது.

தைப்பொங்கலன்று அவள் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனாள். மேலே கஜுப் பருப்பும் முந்திரிகை வத்தலும் வடிவாக அடுக்கியிருந்தாள். மூடியைத் திறந்ததும் சீமோனின் முகம் வெளுத்துப்போயிற்று.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்," என்றாள் புனிதவதி, பெருமையாக.

கிழவர் எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது. நேரே குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். அவள் தட்டினாள், கெஞ்சினாள், தெரிந்த வசவெல்லாம் வைதாள். விஷயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. அவருடைய ஊரில் கோதுமையை அவித்து, சீனி போட்டு, மேலே பருப்புகளால் சிலுவை வைத்து, செத்தவர்களுக்காகத்தான் செய்வார்களாம். அதைச் சனங்களுக்குப் பங்கிட்டால், சாப்பிடுகிறவர்கள் செத்தவனுக்காக ஒரு வார்த்தை சொல்லிச் சாப்பிடுவார்களாம். தன்னுடைய சாவுச் சோற்றைத் தன்னிடமே கொண்டுவந்து நீட்டுகிறாள் என்று மனிதர் நினைத்துவிட்டார்.

"சூரியனுக்கு, இது சூரியனுக்கு," என்று அவள் கதவுக்கு வெளியே நின்று கத்தினாள்.

கிழவர் பூட்டை நீக்கி, கதவை விரலளவு திறந்தார். பிறகு, "சூரியனும் செத்துவிட்டதா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

அவளுடைய ஒரே தம்பி அன்புராசா வன்னியில் இருந்தான். கிளிநொச்சியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன். சண்டை நெருங்க நெருங்க மனைவி மலரையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தான். எங்கேயாவது தொலைபேசி அகப்பட்டால் அக்காவுக்கு எடுப்பான். பங்குனியில் கடைசியாக எடுத்தபோது, "அக்கா, சத்தம் கேக்குதோ? உது மழை இல்லை," என்றான். அதற்குப் பிறகு அவனுடைய குரல் வரவில்லை.

சீமோன் பிறந்தது ருமேனியாவில், கருங்கடலுக்குக் கிட்டிய சின்ன ஊர் ஒன்றில். அப்போது பெயர் சிமியோன். பள்ளிக்கூட வாத்தியார். மிச்ச நேரத்தில் நாடகம் எழுதினார். அதில் ஒன்று இப்படிப் போகும். ஊரின் மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து முட்களை யாரோ கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். மணிக்கு மணி எல்லோரும் கைதட்டவேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. எப்போது மணியாகிறது என்று தெரியாததால் சனங்கள் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சாப்பிடவும் கை ஒழியவில்லை. அந்த நாடகத்தில் அவருடைய தம்பி மிர்ச்சா தெருவிளக்காக நடித்தான். ட்ராம் வண்டி திருத்துகிறவன், நடிப்பு துளியும் வராது, ஆகவே அவனை விளக்குக் கம்பமாக நிறுத்தினார்கள். ஒத்திகை பார்க்க இரண்டு அதிகாரிகள் வந்து, முன்வரிசையில் இருந்து, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்கள். நாடகம் அத்தோடு சரி.

பிறகு ஒரு கோடையில் ஆசிரியர் குழுவொன்றுடன் பாரிசுக்குப் போனவர், திரும்பும் ரயிலில் ஏறவில்லை. அவர் ஏறாததற்குத் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இவ்வளவையும் அவரே சொன்னார். முதுகு தேய்க்கும்போது கொஞ்சம், நகம் வெட்டும்போது கொஞ்சம். ஆனால் தம்பியைப் பிடித்த இடத்துக்கு வந்ததும் கதை நின்றுவிடும். "அதற்குப் பிறகு?" என்று அவள் கேட்டால், "தண்ணீர் ஆறிவிட்டது," என்பார்.

ஒருநாள், ஏன் உங்கள் சொந்த மொழியில் எழுதுவதில்லை என்று கேட்டாள்.

"என் மொழியில் எழுத உட்கார்ந்தால், மிர்ச்சா வந்து தோளுக்கு மேலால் வாசிக்கிறான். பிரெஞ்சு அவனுக்குத் தெரியாது. சலித்துப்போய்ப் போய்விடுவான்."

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

பின்னேரங்களில் அவர் கதிரையை வாசற்கதவுப் பக்கம் திருப்பிப் போடுவார். வெளியே யாரோ தட்டாமல் நிற்பதாகச் சொல்வார். அவருடைய பயத்தைத் தெளிவிக்கப் புனிதவதி ஒருநாள் கதவை அகலத் திறந்து காட்டினாள். நடைகூடத்தில் யாருமில்லை. பக்கத்து வீட்டு மீன் குழம்பின் வாசம் மட்டும் இருந்தது.

"சத்தமாகத் திறந்துவிட்டாய். போய்விட்டான்," என்றார் சீமோன், குறையாக.

இதைக் கேட்டு முன்பு அவள் சிரித்திருப்பாள். ஆனால் அந்தச் சித்திரையில் அவளும் அதே நிலையில்தான் இருந்தாள். லோறன்ஸ் பஸ்ஸில் முன்னுக்கு இருக்கும் ஒருவனின் பிடரி அன்புராசாவின் பிடரியாக இருக்கும். அவன் இறங்கும் இடத்தில் அவளும் இறங்குவாள். அவன் திரும்பும்போது யாரோ ஒரு சீனப் பெடியனாகவோ பிலிப்பினோவாகவோ இருப்பான். அடுத்த பஸ்ஸுக்குக் குளிரில் நிற்பாள். வேலையில்லாத நாட்களில், நகரத்து வீதிகளில் கொடியும் பதாகையுமாக நின்ற சனத்தோடு போய் நின்றாள். எல்லோரும் கத்தினார்கள். அவளுக்குக் கத்த வரவில்லை. தொலைபேசியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. போர் முடிந்துவிட்டது என்று ஆங்கிலச் செய்தியில் கொஞ்ச நேரம் சொன்னார்கள். பிறகு ஹொக்கி முடிவு வாசித்தார்கள்.

மாதக் கடைசியில் மலர் எடுத்தாள். வவுனியாவில் முட்கம்பி வேலிக்குள் முகாமில் இருக்கிறாளாம், யாருடையவோ கைபேசியாம், சத்தமாகக் கதைக்க முடியாதாம்.

"மச்சாள், நானும் பிள்ளையும் இருக்கிறம்," என்றாள். "மச்சாள், அவர்..."

"தெரியும், தெரியும்," என்று புனிதவதி பாய்ந்து சொன்னாள். "ஆம்பிளையளைப் புறம்பாப் பிடிச்சு வைச்சிருக்கினமாம். விசாரிச்சுப்போட்டு விடுவினம். நான் செஞ்சிலுவைச் சங்கத்திலை பேர் குடுத்திருக்கிறன். அவன் வருவான் மலர். நீர் பிள்ளையைப் பாரும்."

மலருக்குப் பக்கத்தில் யாரோ கைபேசியைத் திருப்பிக் கேட்டார்கள். பிறகு, "ஓம் மச்சாள்," என்றாள். இணைப்பு அறுந்துபோயிற்று.

புனிதவதியின் பெரியப்பா மகன் இராஜரட்ணம் அஜின்கோர்ட்டில் இருந்தார். குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை அவர்தான். நல்ல மனிதர், ஆனால் எந்தக் காரியத்தையும் முடித்துவிட்டால்தான் அவருக்கு நித்திரை வரும். ஆனி பிறந்ததும் புனிதவதியைக் கூப்பிட்டார். அன்புராசா முள்ளிவாய்க்காலில் விழுந்ததை லண்டனில் இருக்கும் ஒருவர் கேள்விப்பட்டிருக்கிறார். ஆகவே முப்பத்தோராம் நாளைக் கணக்குப் பார்த்து அந்தியேட்டிக் காரியத்தைச் செய்துவிட வேண்டும் என்றார்.

"ஆர் அண்ணை கண்டது?"

"கண்ட ஆள் இவரில்லை. இவருக்கு ஒராள் சொன்னது." அவர் குரலைத் தாழ்த்தினார். "புனிதம், அவன் என்ரை கனவிலை வாறான். நனைஞ்சுபோய் வாசல்லை நிக்கிறான். தண்ணி குடுத்தால் வாங்கிறானில்லை. காரியம் செய்யாட்டில் அவன் உப்பிடித்தான் அலைவான்."

புனிதவதி யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். ஸ்ரீஸ்கந்தராசாவைக் கேட்டால், அவர் யாருடன் கடைசியாகக் கதைத்தாரோ அவர்கள் பக்கம். செய்வதும் நல்லதுதான், பொறுப்பதும் நல்லதுதான் என்றார்.

அந்தக் கிழமைதான் சீமோனின் மகள் செலீன் மார்க்கம் நகரத்திலிருந்து வந்திருந்தாள். கணினி வேலை செய்கிறவள், அப்பாவின் குளிர்சாதனப் பெட்டியை நிரப்ப வருவாள். அப்பா உறங்கும் நேரம் பார்த்துப் புனிதவதி அவளைக் கேட்டாள். மிர்ச்சாவுக்குப் பிறகு என்ன நடந்தது?

செலீன் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பாரிசில் ஒருவர் வந்து அப்பாவிடம் சொன்னார், உன் தம்பி சிறையில் செத்துப்போனான் என்று. அவருக்கு இன்னொருவர் சொன்னதாம். அப்பா விசாரிக்கவில்லை. அழுதார். பிறகு எழுதினார்."

அதுதான் சீமோனைப் பெரிய ஆளாக்கிய நாடகம். மேடையில் ஒரு செத்தவீடு. பிணமில்லாத பெட்டி. கடைசிக் காட்சியில் நடிகர்கள் இறங்கி வந்து, சபையில் இருந்தவர்களுக்கு அவித்த கோதுமையைப் பங்கிடுவார்கள். பாரிஸ்காரர்கள் கண்ணீர் விட்டபடி சாப்பிட்டார்கள். நாடகம் வருடக்கணக்காக ஓடியது. ஊர் ஊராகப் போனது.

அதே காலத்தில் பாரிசில் இருந்த ருமேனியர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை தூதரகத்துக்கு முன்னால் நின்று, சிறையில் இருக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவி, விடு விடு என்று கேட்பார்கள். நாடகம் வந்த பிறகு அவர்கள் மிர்ச்சாவின் பெயரைக் கூவுவதை நிறுத்திவிட்டார்கள். செத்தவனுக்கு யார் விடுதலை கேட்பார்கள்?

"ஆட்சி கவிழ்ந்த பிறகு அப்பா ஊருக்குப் போனார்," என்றாள் செலீன். "சித்தப்பா அன்றைக்குச் சாகவில்லை. அந்தச் சிறையில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்து, அங்கேயே செத்திருக்கிறார். பெயர் கூவப்பட்டவர்களை ஒவ்வொருவராக விட்டிருக்கிறார்கள். சித்தப்பாவிடம் காவலாளி சொன்னானாம், 'உனக்கு உன் அண்ணன் காரியம் செய்துவிட்டான், ஊரே சாப்பிட்டது' என்று."

அதன் பிறகு சீமோன் எழுதிய எந்த நாடகத்திலும் யாரும் சாகவில்லை. ஒருவரும் சாகாத நாடகங்களைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. மனைவி போனதும் மகளோடு கனடாவுக்கு வந்து, ஏழாம் மாடியில் இருந்து கதவைப் பார்க்கத் தொடங்கினார்.

புனிதவதி அன்று பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகவில்லை. நேரே அஜின்கோர்ட்டுக்குப் போனாள். இராஜரட்ணத்தின் வரவேற்பறையில் ஏற்பாடு ஏறக்குறைய முடிந்திருந்தது. ஐயருக்குச் சொல்லியாயிற்று. மேசையில் அன்புராசாவின் கல்யாணப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த படம், பக்கத்தில் ஒரு மாலை. தோளில் மலரின் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"ஆரைக் கேட்டு அண்ணை மாலை வாங்கினீங்கள்?"

"புனிதம், இரும். தேத்தண்ணி குடியும்."

"காரியம் செய்தால் பிறகு அவன்ரை பேரை ஆர் தேடுவினம்? செத்தவன் எண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ? அவன் எங்கையாவது ஒரு அறைக்குள்ளை இருந்துகொண்டு, அக்கா தேடுவா எண்டு நினைச்சுக்கொண்டிருப்பான்."

"அவன் அலையிறான், பிள்ளை."

"அலையட்டும். அலைஞ்சாலும் உயிரோடை அலையட்டும்."

படத்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். இராஜரட்ணத்தின் மனைவி வாசல்வரை பின்னால் வந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை. பஸ்ஸில் படத்தை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த கிழவி, மகனா, வடிவான பையன் என்றாள். தம்பி என்றாள் புனிதவதி. தான் பிடியை விட்டால் அவன் போய்விடுவான், தான் ஒருத்திதான் அவனை இந்த உலகத்தில் பிடித்து வைத்திருக்கிறாள் என்று அவள் மனதார நம்பினாள். நடந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால், அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனி நடுவில் சீமோனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது. அதோடு பிரெஞ்சும் போய்விட்டது. அத்தனை வருடம் படித்து, எழுதி, பேர் வாங்கிய மொழி, துடைத்து எடுத்த மாதிரிப் போயிற்று. மிஞ்சியது ஊர் மொழி மட்டும். மருத்துவமனையிலிருந்து வந்தவர், கதவைப் பார்த்துக் கதிரையைப் போடச் சொல்லிக் கையால் காட்டினார். பிறகு பேசத் தொடங்கினார். ஒரு கேள்வி கேட்பார், பதில் கேட்கிறவர்போலத் தலையை ஆட்டுவார், மீண்டும் பேசுவார். செலீனுக்கே அரைவாசிதான் விளங்கியது. அம்மா சுட்ட அப்பத்தை நீ ஏன் ஒளித்து வைத்தாய் என்று கேட்கிறார் என்றாள். பிறகு அவர் சொன்ன வேறொன்றைக் கேட்டுவிட்டு, அதை மொழிபெயர்க்காமல் கைப்பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆவணி முடிவதற்குள் சீமோன் காலமானார். இருந்த அந்தக் கொஞ்ச நாளும் இப்படியே பேசிக்கொண்டிருந்தார். அவர் பயந்ததாகத் தெரியவில்லை. பயந்தவள் புனிதவதிதான்.

மலர் இரண்டாம் முறை எடுத்தது அந்த நாட்களில் ஒன்றில், ஒரு காலையில். புனிதவதி சீமோனுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். நீண்ட இலக்கத்தைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு எடுத்தாள்.

"மச்சாள், மலர் கதைக்கிறன்."

புனிதவதி வழக்கம்போல முந்திக்கொண்டாள். "பிள்ளை சுகமோ? நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். இஞ்சை அவனுக்கு அந்தியேட்டி செய்யப் பாத்தவை. நான் விடேல்லை. படத்தையும் தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

மறுபக்கத்தில் சனங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"செய்ய விடேல்லையோ?" என்று மலர் கேட்டாள்.

"விடேல்லை."

"ஏன் மச்சாள்?"

அந்தக் குரலில் இருந்தது கோபம். மலர் கோபித்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"அவரை நான்தான் தாட்டனான். பங்கருக்குப் பக்கத்திலை. மண்வெட்டி இல்லை, கையாலைதான் கிண்டினனான். பிள்ளைதான் மண்ணை அள்ளி அங்காலை போட்டவள்."

புனிதவதி கதிரையைத் தேடினாள். அகப்படவில்லை. நிலத்தில் இருந்தாள்.

"எனக்கேன் மலர் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் அண்டைக்கு எடுத்தனான். நீங்கள் சொல்ல விடேல்லை. வருவான், வருவான் எண்டீங்கள். எனக்கு வாய் வரேல்லை. சரி, அங்கை அண்ணையாக்கள் அறிஞ்சு காரியத்தைச் செய்துபோடுவினம், மச்சாளும் விளங்கிக்கொள்ளுவா எண்டு இருந்தனான். இஞ்சை நான் ஒண்டும் செய்யேலாது. ஒரு விளக்குக் கொளுத்தேலாது. எல்லாருக்கும் செத்த ஆக்கள் இருக்கினம், ஆர் ஆருக்கு அழுகிறது?" மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான் ஒராள் எவ்வளவு நாளைக்கு மச்சாள், அவரைச் செத்தவரா வைச்சிருக்கிறது?"

கதவடியில் சீமோன் ஏதோ சொல்லி மெல்லச் சிரித்தார். புனிதவதிக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று இருந்தது. அதைக் கேட்டால் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்துதான் கேட்டாள். திதி தெரியாமல் ஒருவனுக்குத் திவசமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"என்ன நாள் மலர்?"

"நாள் தெரியாது மச்சாள். நாளெல்லாம் எப்பவோ குழம்பிப்போச்சு. முழு நிலவு. அந்த வெளிச்சத்திலைதான் கிண்டினனான்."

அவள் கலண்டரைப் பார்க்க எழும்பவில்லை. அவன் கடைசியாக எடுத்த பங்குனிக்கும் சண்டை முடிந்த வைகாசிக்கும் இடையில் இரண்டே முழு நிலவு. முதலாவது வந்தபோது சண்டை முள்ளிவாய்க்கால்வரை வரவில்லை. மற்றது சித்திராப் பௌர்ணமி, தாயில்லாதவர்கள் தாய்க்கு விரதம் இருக்கும் நாள். அன்று அவள் விடிய எழும்பி முழுகி, சமைத்து, அம்மாவின் பெயரைச் சொல்லி இலையில் படைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டு, தம்பியை உன்னோடை வைச்சுப் பாத்துக்கொள்ளணை அம்மா என்று கேட்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

"கண் மூடியிருந்ததோ?"

"இல்லை மச்சாள். நான் மூடிவிட்டனான்."

இணைப்பு அறுந்த பிறகும் கைபேசியைக் காதோடு வைத்திருந்தாள். பிறகு இராஜரட்ணத்தின் இலக்கத்தை அழுத்தினாள்.

"அண்ணை, அவனுக்குப் பௌர்ணமித் திதி," என்றாள். "ஐயருக்குச் சொல்லுங்கோ."